இரும்பு பட்ட தோலும் எலுமிச்சம்பழமும்

அந்த பெல்ட்டை மறுநாள் காலையில் பார்சல் போட வேண்டும். முதல் நாள் ராத்திரி 11 மணிக்குத் தோலை ஈரப்படுத்தி, வாடிக்கையாளரின் பெயரை அச்சடித்து முடித்தேன். காயட்டும் என்று மேஜையிலேயே விட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் பெல்ட்டில் நீலமும் கறுப்புமாக ஏழெட்டுப் புள்ளிகள். பெரும்பாலும் மிளகு அளவு. ஒன்று மட்டும் கட்டைவிரல் நகம் அளவுக்கு இருந்தது. ஈரத்துணியால் துடைத்தேன், போகவில்லை. சோப்பு போட்டேன், இன்னும் பரவின மாதிரி தெரிந்தது. வேறு தோல் வெட்டித் தொடங்க நேரமில்லை, தோலும் இல்லை.

படம் எடுத்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கையால் தோல் வேலை செய்கிறவர்கள் மட்டும் இருக்கிற குழு அது. அந்த நேரத்தில் யார் விழித்திருக்கப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். பத்து நிமிடத்தில் திருச்சிப் பக்கம் டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரின் குரல் பதிவு வந்தது. "தம்பி, மேஜை இரும்பா?"

இரும்புதான். பழைய பீரோ கதவைக் கழற்றி மேஜை மேல் போட்டிருந்தேன். பெயின்ட் உதிர்ந்த இடங்களில் துரு.

"பட்டைத் தோல் ஈரமா இருக்கும்போது இரும்பு பட்டா கறுக்கத்தான் செய்யும். எலுமிச்சம்பழம் இருக்கா? சாறைப் பஞ்சுல தொட்டு ஒத்துங்க. தேய்க்காதீங்க, ஒத்துங்க. போனதும் நல்ல தண்ணில முழு பெல்ட்டையும் துடைச்சிருங்க."

சமையலறையில் அரை மூடி எலுமிச்சை இருந்தது. சாற்றைத் தொட்டு ஒத்தி எடுத்தேன். சின்னப் புள்ளிகள் கண் முன்னாலேயே கரைந்து போயின. பெரிய புள்ளிக்கு மூன்று தடவை ஒத்த வேண்டியிருந்தது. பிறகு பெல்ட் முழுவதையும் ஒரே சீராகத் தண்ணீரில் நனைத்தேன். ஒரு இடத்தை மட்டும் நனைத்தால், காய்ந்த பிறகு அந்த ஈரத்தின் விளிம்பு கோடாக நிற்கும். பெயர் எழுத்துகள் கொஞ்சம் மங்கிவிட்டன, அவற்றை மறுபடி அடித்தேன். விடிகாலையில் லேசாக எண்ணெய் தடவி, சொன்ன நாளில் பார்சல் போட்டேன்.

மறுநாள் பெரியவர் காரணத்தையும் சொன்னார். மரப்பட்டையில் பதனிட்ட தோலுக்குள் பட்டையின் துவர்ப்பு தங்கியிருக்கும். அந்தத் துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கறுப்பு. கடுக்காயும் இரும்பும் சேர்த்து அந்தக் காலத்தில் மை காய்ச்சியது இதை வைத்துத்தான். கலம்காரித் துணியில் வருகிற கறுப்பும் இதேதான். கடுக்காய்ச் சாற்றில் ஊறிய துணிமேல், வெல்லத் தண்ணீரில் இரும்பைப் புளிக்கவைத்து எடுத்த கரைசலால் எழுதுவார்கள். எழுதிய இடம் கறுத்துவிடும்.

இதைக் கேட்ட பிறகு கறுப்புச் சாயம் வாங்குவதையே குறைத்துவிட்டேன். துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் போட்டு ஒன்றிரண்டு வாரம் வைக்கிறேன். மூடியை இறுக்க மாட்டேன், உள்ளே வாயு சேரும். வடிகட்டிப் பட்டைத் தோலில் பூசினால் கறுப்பு தோலுக்குள்ளேயே உருவாகிறது, மேலே பூசின சாயம் மாதிரி கையில் ஒட்டுவதில்லை. பூசின பிறகு சமையல் சோடா கரைத்த தண்ணீரால் ஒருமுறை கழுவி, காய்ந்ததும் எண்ணெய் விட வேண்டும். புளிப்பை அப்படியே விட்டால் தோல் நாளடைவில் விறைத்து வெடிக்கும்.

ஒரு கறையில் தொடங்கி இவ்வளவு தெரிந்துகொண்டேன். இத்தனைக்கும் நான் தோலுக்குப் புதியவன் இல்லை. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் 9 வருஷம் கட்டிங் பிரிவில் இருந்தேன். அதற்கும் முன்னால், நான் செருப்புத் தைக்கிறவரின் மகன். குடியாத்தத்தில் சாலையோரம் சாக்கு விரித்து உட்கார்ந்து, 30 வருஷத்துக்கு மேல் ஊராரின் செருப்பைத் தைத்தவர் என் அப்பா.

அப்படி இருந்தும் ஏன் தெரியவில்லை? கம்பெனியில் ஒருவனுக்கு ஒரு வேலை. நான் வெட்டினேன். ஓரம் சீவியது வேறு ஆள், சொல்யூஷன் தடவியது வேறு ஆள், தைத்தது வேறு ஆள். 9 வருஷத்தில் ஆயிரக்கணக்கான தோல் என் கையில் வந்து போனது. எந்த இடம் இழுபடும், எங்கே கீறல் ஒளிந்திருக்கும் என்பதை விரலால் தடவியே சொல்லிவிடுவேன். அது எதில் பதனிட்டது என்று ஒருநாளும் கேட்டதில்லை. அப்பாவோ வேலையைப் பற்றிப் பேசவே மாட்டார். நான் இதற்கு வரக் கூடாது என்பதுதான் அவர் எண்ணம். பள்ளிக்கூடத்தில் அப்பாவின் தொழில் என்ன என்று கேட்டால் 'வியாபாரம்' என்று சொல்லச் சொல்லி அனுப்பினவர் அவர்.

வேலையை விட்டு வந்து சொந்தமாகப் பர்ஸும் பெல்ட்டும் செய்யத் தொடங்கியபோது முதலில் என்னைத் தோற்கடித்தது ஓரம். யூடியூபில் பார்க்கிறேன், ஓரத்தைக் கொஞ்சம் நனைத்து மரக்கட்டையால் பரபரவென்று தேய்க்கிறார்கள், கண்ணாடி மாதிரி மின்னுகிறது. நான் ஒரு வாரம் தேய்த்தேன். தண்ணீர், மெழுகு, பசை எல்லாம் போட்டுப் பார்த்தேன். பஞ்சு பஞ்சாகவே நின்றது. குழுவில் முதன்முதலாக நான் கேட்ட கேள்வி இதுதான். வந்த பதில்கள் எல்லாம் ஒரே எதிர்க்கேள்வி: "என்ன தோல்? பட்டையா, குரோமா?"

மரப்பட்டையில் பதனிட்டது பட்டைத் தோல், குரோம் உப்பில் பதனிட்டது குரோம் தோல். என்னுடையது எது என்று எனக்குத் தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது என்று சேலத்தில் கைப்பை செய்கிற ஒரு அக்கா சொல்லித் தந்தார். முதலில் தோலை வெட்டிய ஓரத்தைப் பார்க்க வேண்டும். சாயம் உள்வரை இறங்காத குரோம் தோலாக இருந்தால் நடுவில் நீலமோ சாம்பலோ தெரியும். பட்டைத் தோல் பழுப்பாக இருக்கும். அதிலும் தெரியவில்லை என்றால் ஒரு துணுக்கைக் கொதிக்கிற தண்ணீரில் போடலாம். பட்டைத் தோல் சுருண்டு விறைத்துப் போகும். நன்றாகப் பதனிட்ட குரோம் தோல் பெரிதாக அசையாது. எரித்துப் பார்க்கிறவர்களும் உண்டு, குரோம் சாம்பல் பச்சையாக வரும் என்பார்கள். அந்தப் புகை உடம்புக்கு ஆகாது, அதனால் கொதிதண்ணீரே போதும் என்பது அக்காவின் கட்சி, என் கட்சியும் அதுதான்.

என்னுடையது குரோம் தோல். தேய்த்து மினுக்குகிற வேலை அதில் நடக்காது. அதற்கு ஓரத்தை மடித்துத் தைக்க வேண்டும், இல்லையென்றால் ஓரத்துக்கு என்று இருக்கிற பெயின்டைப் பல தடவை பூசி, ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவில் உப்புத்தாள் போட வேண்டும். பட்டைத் தோல் வாங்கி வந்து அதே மரக்கட்டையால் தேய்த்தேன். இரண்டே நிமிடம், ஓரம் மின்னியது. தேய்ப்பதற்கு வெளிநாட்டுப் பசை டப்பா வாங்க வேண்டியதில்லை என்பதையும் குழுவில்தான் தெரிந்துகொண்டேன். கேக் அலங்காரச் சாமான் விற்கிற கடையில் சிஎம்சி என்கிற, கெட்டியாக்கும் பவுடர் கிடைக்கும். ஒரு தேக்கரண்டியை ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் தூவிக் கலக்கி ராத்திரி முழுக்க விட்டால் காலையில் கூழாகிவிடும். அதுவே போதும்.

அப்புறம் தையல். கையால் தைக்கிற சேடில் தையலில் ஒரே நூல், இரண்டு முனையிலும் ஊசி. ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிராகப் போய் வரும். ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்ற நூல் பிடித்துக்கொள்ளும். மிஷின் தையல் ஒரு கண்ணி விட்டால் இரண்டு பக்கமும் உரியத் தொடங்கிவிடும். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் என் தையல் முன்பக்கம் சாய்ந்து சாய்ந்து அழகாக வரும், பின்பக்கத்தைத் திருப்பினால் கோணல் மாணல்.

இதற்குப் பதில் வந்தது இங்கிலாந்திலிருந்து. ஃபேஸ்புக்கில் ஒரு ஆங்கிலக் குழுவிலும் சேர்ந்திருந்தேன். நம் ஊரில் தோல் என்றால் ஆம்பூர், ராணிப்பேட்டை என்பது போல அங்கே குதிரைச் சேணத்துக்கு வால்சால். அந்த ஊர்க் கால்பந்து அணிக்கே சேணம் தைப்பவர்கள் என்றுதான் பட்டப்பெயர். அங்கே வாழ்நாள் முழுக்கச் சேணம் தைத்த ஒருவர் என் படத்துக்குக் கீழே எழுதினார். மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுத்தான் படித்தேன். "படம் போதாது, உன் கை தெரிகிற மாதிரி பத்துத் தையல் வீடியோ எடுத்து அனுப்பு."

அனுப்பினேன். பார்த்துவிட்டு இரண்டு தவறு சொன்னார். முதல் ஊசி போன பிறகு, இரண்டாவது ஊசியை முதல் நூலுக்கு மேலே ஒரு தடவையும் கீழே ஒரு தடவையும் விடுகிறாய். எந்தப் பக்கமோ ஒரே பக்கம், கடைசித் துளை வரை அதை மாற்றாதே. இரண்டாவது, இரண்டாம் ஊசியைச் செலுத்தும்போது முதல் நூலைப் பின்னால் லேசாக இழுத்துப் பிடி. இல்லையென்றால் ஊசி நூலுக்குள்ளேயே குத்திப் போய்விடும், அப்புறம் நூலை இறுக்க முடியாது. அன்றைக்கு ராத்திரி கழிவுத் தோலில் இரண்டு அடி நீளம் தைத்தேன். முதல் அரை அடி பழைய கோணல். கடைசி அரை அடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், முன்பக்கம் எது பின்பக்கம் எது என்று தேட வேண்டியிருந்தது.

எத்தனை வீடியோ பார்த்தாலும் இது எனக்குப் பிடிபட்டிருக்காது. வீடியோ தன் கையைக் காட்டும், என் கையைப் பார்க்காது. என் கையைப் பார்த்து, இந்த இடத்தில் பிசகுகிறது என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். பக்கத்தில் வாத்தியார் இல்லாதவர்களுக்கு அந்த ஆள் இப்படித்தான் கிடைக்கிறார். கிண்டியில் மத்திய அரசின் காலணிப் பயிற்சி நிலையம் இருக்கிறது, அடையாறில் 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. போக முடிந்தவர்கள் போய்ப் படிக்கட்டும். கல்யாணம் ஆகி, இரண்டு பிள்ளைகளோடு தினம் வேலை செய்தால்தான் அரிசி என்று இருந்த எனக்கு வழி ராத்திரி 11 மணிக்குத்தான் திறந்தது.

கேட்கிற விதத்தில்தான் பாதி விஷயம் இருக்கிறது. "சரியா வரல, என்ன பண்றது" என்று கேட்டால் "பயிற்சி பண்ணுங்க" என்றுதான் பதில் வரும். தோல் பட்டையா குரோமா, எத்தனை மில்லிமீட்டர் கனம், நூல் எத்தனை மில்லிமீட்டர், துளைகளுக்கு எவ்வளவு இடைவெளி, இதற்கு முன் என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை வையுங்கள், அளவு புரியும். முக்கியமாகப் பின்பக்கத்தைப் படம் எடுங்கள், கெட்டுப்போனதைப் படம் எடுங்கள். முன்பக்கம் அழகாக இருக்கிற பர்ஸுக்குக் கைதட்டல் வரும், அதோடு முடிந்துவிடும்.

அளவு விஷயத்தில் புதியவர்கள் அடிக்கடி தடுமாறுகிறார்கள். அமெரிக்க வீடியோக்களில் கனத்தை அவுன்ஸில் சொல்வார்கள். ஒரு அவுன்ஸ் என்பது ஒரு அங்குலத்தில் 64-இல் ஒரு பங்கு, கிட்டத்தட்ட 0.4 மில்லிமீட்டர். கோவையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் பர்ஸுக்கு '4 அவுன்ஸ்' என்று வீடியோவில் கேட்டுவிட்டு 4 மில்லிமீட்டர் தோலை வாங்கி வந்துவிட்டார். அது பெல்ட்டுக்கு ஆகிற கனம். பர்ஸின் வெளிப்பக்கத்துக்கு 1.2, உள் அறைகளுக்கு 0.8 இருந்தால் போதும் என்று நான்தான் அவருக்கு எழுதினேன். கட்டிங்கில் இருந்த 9 வருஷம் அன்றைக்கு இன்னொருவருக்கு உதவியது. அந்தத் தோலை வீணாக்காமல் அவர் இரண்டு பெல்ட் செய்துகொண்டார்.

தப்பான யோசனைகளும் வரும். பளபளப்புக்குத் தேங்காய் எண்ணெய் தாராளமாகத் தடவச் சொன்னார் ஒருவர். தடவினேன். தேன் நிறத் தோல் மூன்று நாளில் அழுக்குப் பழுப்பு ஆகி, தொட்டால் பிசுபிசுத்தது. தோலில் இறங்கின எண்ணெயைத் திரும்ப எடுக்க முடியாது. அதிலிருந்து யார் என்ன சொன்னாலும் முதலில் கழிவுத் துண்டில் செய்து, ஒரு வாரம் வைத்துப் பார்க்கிறேன். துண்டின் பின்னால் என்ன தடவினேன், என்றைக்கு என்று பேனாவால் எழுதி ஒரு கம்பியில் கோத்து மாட்டியிருக்கிறேன். எலுமிச்சை சொன்ன பெரியவர் மாதிரி, காரணத்தையும் சேர்த்துச் சொல்கிறவர்களின் பேச்சை அதிகம் நம்பலாம் என்பது என் கணிப்பு.

தோல் வாங்குவதிலும் சேர்ந்துகொண்டோம். சென்னை பெரியமேட்டுத் தோல் கடைகளில் துண்டாகவும் கிடைக்கும், ஆனால் நல்ல பட்டைத் தோல் வேண்டுமென்றால் டேனரியில் பாதித் தோலாகத்தான் எடுக்க வேண்டியிருக்கும், ஒருவருக்கு அது அதிகம். நாலு பேர் சேர்ந்து எடுத்தோம். முதல் தடவை சதுர அடியாகக் கணக்குப் போட்டுப் பங்கு பிரித்ததில் மனஸ்தாபம் வந்தது, வயிற்றுப் பக்கம் கிடைத்தவருக்கு இழுபடுகிற தோல்தான் மிஞ்சியது. இப்போது முதுகுப் பக்கத்துக்கு விலை கூட, வயிற்றுக்குக் குறைவு. பெல்ட் செய்கிறவர் முதுகை எடுப்பார், உள் அறைக்கும் சாவிக்கொத்துக்கும் வயிற்றுப் பக்கம் போதும் என்பவர் அதை எடுப்பார்.

இனி அப்பா விஷயம். போன வருஷம் சேலம் அக்கா ஒரு கேள்வி போட்டிருந்தார். பழைய பை ஒன்று பழுதுக்கு வந்திருக்கிறது, அடிப்பாகம் உள்ளே பிய்ந்துவிட்டது, உள்ளே இரண்டு விரலுக்கு மேல் நுழையாது, இரண்டாவது ஊசியை எப்படித் திருப்பி அனுப்புவது? யாருக்கும் சரியான வழி தெரியவில்லை. எனக்குச் சட்டென்று அப்பாவின் கொக்கி ஊசி ஞாபகம் வந்தது. ஷூவின் முனைக்குள் அவர் தைப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன், அதைப் பற்றி யோசித்ததில்லை.

அப்பா இப்போது வீட்டில்தான் இருக்கிறார். கேட்டேன். "எதுக்குடா அதெல்லாம் படம் புடிக்கிற" என்றார். அக்காவின் பையைப் படத்தில் காட்டினேன். கொஞ்ச நேரம் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு எழுந்துபோய், பரண்மேல் இருந்த சாக்குப் பையைத் தானே இறக்கினார்.

தரையில் உட்கார்ந்து தோலை இரண்டு முட்டிக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டார். இடது கை விரல்கள் நூலோடு உள்ளே போயின. வலது கையால் கொக்கி ஊசியை மேலிருந்து குத்தினார். உள்ளே இரண்டு விரல் நூலைக் கொக்கியில் மாட்டிவிட்டன. மேலே இழுத்தால் சின்ன வளையம். அந்த வளையத்துக்குள் நூலின் மறுமுனையை நுழைத்து, இரண்டையும் ஒரு இழுப்பு. முடிச்சு தோலுக்குள் போய் உட்கார்ந்தது. அவ்வளவுதான், அடுத்த துளை. உள்ளே ஊசி போக வேண்டியதே இல்லை, இரண்டு விரல் எட்டினால் போதும். அவர் கையைப் பார்க்கவே இல்லை, என் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா அந்த வழியிலேயே பையைத் தைத்து முடித்தார். நான் அந்த வீடியோவை ஆங்கிலக் குழுவிலும் போட்டேன். "இவர் என் அப்பா, செருப்புத் தைக்கிறவர்" என்று எழுதினேன். அப்படி நான் வெளிப்படையாக எழுதியது அதுதான் முதல் தடவை. வால்சால்காரர் வந்தார். தோலை முட்டிக்கு நடுவில் பிடிக்கிற விதத்தைப் பற்றித்தான் முதலில் கேட்டார். அவர்கள் கிளாம் என்று ஒரு மர இடுக்கியை இரண்டு முட்டிக்கும் நடுவில் வைத்துக்கொண்டு தைப்பார்களாம். உன் அப்பாவுக்கு முட்டியே கிளாம் என்று எழுதியிருந்தார்.

படித்துக் காட்டினேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி படுக்கப் போகும்போது கேட்டார், "அந்த ஆளு நூலுக்கு என்ன மெழுகு போடுறாராம்? கேட்டுச் சொல்லு."

கேட்டேன். தாரும் பைன் மரப் பிசினும் கொஞ்சம் எண்ணெயும் சேர்த்து உருக்கி, குளிர்ந்த தண்ணீரில் ஊற்றி இழுத்து இழுத்து உருட்டுவார்களாம். குளிர்காலத்துக்கு எண்ணெய் கூட, கோடைக்குக் குறைவு. அப்பா கவனமாகக் கேட்டுக்கொண்டார். "உங்க தாத்தா குங்கிலியமும் தேன்மெழுகும் உருக்கிப் போடுவாரு. நூல் தண்ணியில கெடந்தாலும் அழுகாது. நான்தான் சோம்பேறித்தனமா மெழுகுவத்திக்கு மாறிட்டேன்" என்றார்.

மறுநாள் நாட்டு மருந்துக் கடையில் குங்கிலியம் 100 கிராம் வாங்கி வந்தேன். சாயங்காலம் கொல்லையில் அடுப்பு மூட்டினோம். எங்கள் ஊர் வெயிலுக்கு எண்ணெயே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பழைய தகர டப்பாவில் குங்கிலியம் இளகத் தொடங்கியதும், "போனை எடு, இதுலேர்ந்து காட்டு" என்றார்.